கயிறும் தாலியும்: கடல்வழிச் சொல்லுறவு குறித்த ஒரு மறுநோக்கு

முன்னுரை

மலாய் மொழியில் தமிழ்ச் சொற்கள் கலந்திருப்பதை ஆசிரியர் எடுத்துரைக்கும்பொழுது மாணவர்தம் முகங்களில் தோன்றும் மலர்ச்சியை நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். கப்பல் 'கப்பால்' ஆனதும், கடை 'கெடாய்' ஆனதும், கட்டில் 'காத்தில்' ஆனதும் ஐயத்திற்கு இடமற்ற சான்றுகள். ஆயின், இவ்வரிசையில் கயிற்றைக் குறிக்கும் 'தாலி' என்னும் மலாய்ச் சொல்லையும் சேர்த்து, தமிழர் மணவினையில் கட்டும் தாலியே மலாயில் கயிறாயிற்று எனக் கூறுவாரும் உளர். தென்னை நாரைக் குறிக்கும் 'கொயர்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழ்க் 'கயிறு' என்பதன் திரிபே என்னும் கூற்றும் பெருவழக்காக உள்ளது. இவ்விரு கூற்றுகளும் ஒரு தன்மையன அல்ல. பின்னது திருத்தத்துடன் ஏற்கத்தக்கது; முன்னது ஏற்கத்தக்கதன்று. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்குக் கடலில் கயிறு

இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதியில் பன்னூறு ஆண்டுகளாகக் கலங்கள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டன. பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, தென்னை நாரால் திரித்த கயிற்றை அவற்றினூடே கோத்து இறுக்குவது அக்கால முறை. 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர்முசுத் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ இத்தகைய கலங்களைக் குறைத்தே மதிப்பிட்டார். கி.பி. 1343-44 காலப்பகுதியில் மாலத்தீவில் வாழ்ந்து அங்கு நீதிபதியாகவும் பணியாற்றிய இபின் பதூதாவின் கருத்து இதற்கு மாறானது. தேங்காய் மட்டையைக் கடலோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்து நாராக்கி, பெண்கள் நூற்ற செய்தியை அவர் குறித்துள்ளார். ஆணியடித்த கலம் பாறையில் மோதினால் உடையும். தைத்த கலம் நெகிழ்ந்து கொடுத்துத் தப்பும் என்பது அவர் தரும் விளக்கம். உப்பு நீரில் எளிதில் மட்காமையும், இழுவைக்கு நீண்டு கொடுத்தலும், நீரில் மிதத்தலும் இந்நாரின் இயல்புகள். நங்கூரக் கயிறாகவும் கட்டுக்கயிறாகவும் அது விளங்கியதற்கு இவையே காரணம்.

1498 இல் கோழிக்கோட்டை அடைந்த போர்த்துக்கீசியர் பின்னர்க் கொச்சி, கண்ணூர் ஆகிய துறைகளில் நிலைகொண்டனர். அவர்தம் மொழியில் இப்பொருள் 'கைரோ' எனப் பெயர் பெற்றது; 16 ஆம் நூற்றாண்டிலேயே அது ஆங்கிலத்திற்கும் சென்றது. இப்பெயர் மலையாளக் 'கயர்' என்பதிலிருந்து வந்தது; 1886 இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகியோரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதனோடு தமிழ்க் 'கயிறு' என்பதையும் காட்டுகிறது. தமிழ்க் 'கயிறு' அச்சொல்லின் உடன்பிறப்பு. எனவே, 'கொயர்' ஒரு திராவிடச் சொல் என்பதில் தடையில்லை. அதைக் கொடுத்த வாயில் மலையாளக் கடற்கரை எனச் சேர்த்துக் கூறுவதே முறை. சொல் பெயர்ந்தபொழுது பொருளும் பெயர்ந்தது. நம்மிடம் கயிறு என்பது எப்பொருளால் திரிக்கப்பட்டதையும் குறிக்கும். ஆங்கிலத்திலோ 'கொயர்' தென்னை நாரை மட்டுமே குறிக்கிறது.

தமிழ்த் தாலியின் பொருள்

இனி, தாலியைக் காண்போம். சங்க இலக்கியத்தில் தாலி என்பது பெரிதும் அணியையே குறிக்கிறது. தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனின் இளமையைப் பாடும் புறநானூற்று 77 ஆம் பாடல், சிறுபருவத்தில் அணிந்த தாலியை அவன் இன்னும் களையவில்லை என்கிறது. அகநானூற்று 7 ஆம் பாடலில் வருவது புலிப்பல் கோத்த தாலி. இவ்விடங்களில் தாலி என்பது கழுத்தில் அணியும் காப்பணியாகும். இன்றும் நாம் 'தாலிக்கயிறு' என்கிறோம். பொன்னால் ஆன சங்கிலியாயின் 'தாலிக்கொடி' என்கிறோம். தாலி என்பதே கயிற்றைக் குறிப்பதாயின் அதனோடு மற்றொரு கயிறு சேரவேண்டிய தேவை என்ன? இக்கூட்டுச் சொல்லே தாலி வேறு, கயிறு வேறு என்பதற்குச் சான்றாகிறது.

மலாய்த் தாலியின் உறவு

மலாய்ச் சொல்லின் பொருட்பரப்பு இதனின் முற்றிலும் வேறானது. சப்பாத்து நாடா 'தாலி காசுட்'. இடைவார் 'தாலி பிங்காங்'. நங்கூரக் கயிறு 'தாலி சாவ்'. கப்பலின் கயிற்றுத் தொகுதி முழுவதும் 'தாலி-தெமாலி' எனப்படும். இங்கே அணி என்னும் பொருளுக்கோ காப்பு என்னும் பொருளுக்கோ சுவடே இல்லை.

இதனினும் வலுவான சான்று உறவுமொழிகளில் உள்ளது. தகாலோக் மொழியிலும் கயிறு 'தாலி'யே. மடகாஸ்கர் தீவின் மலகாசி மொழியில் அது 'தாடி' எனப்படும். மலாயில் ஐந்தைக் குறிக்கும் 'லீமா' மலகாசியில் 'டீமி' ஆகிறது. அவ்வாறே இகரத்தின் முன் வரும் லகரம் டகரமாவது அம்மொழியின் ஒழுங்கான ஒலி மாற்றம். மலகாசி மொழி தென்கிழக்குப் போர்னியோவின் மாஆன்யான் மொழியோடு உறவுடையது என்பதை ஓட்டோ கிறிஸ்தியான் டால் 1951 இல் நிறுவினார். பசிபிக் தீவு மொழிகள் சிலவற்றிலும் இச்சொல்லின் வழித்தோன்றல்கள் உள்ளன. இவற்றைக் கொண்டே ஒப்பியல் அறிஞர்கள் *தாலிஹ் என்னும் தொல்வடிவத்தை மீட்டுருவாக்கியுள்ளனர். தமிழ் வணிகர் இக்கடலுக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்னரே ஆஸ்திரோனேசியரின் நாவில் இச்சொல் இருந்தது என்பதே இதன் பொருள்.

தொல்பொருட் சான்றும் அம்மக்களின் கயிற்றுத் தொழிலைக் காட்டுகிறது. 1926 இல் பகாங்கின் குவாலா பொந்தியான் அருகே அகழ்ந்தெடுக்கப்பட்ட படகு, ஏறத்தாழ கி.பி. 3 முதல் 5 ஆம் நூற்றாண்டுக்கு உரியது. அதன் பலகைகள் மர முளைகளால் பொருத்தப்பட்டு, 'ஈஜோக்' எனப்படும் பனையினத்துக் கருநாரால் தைக்கப்பட்டிருந்தன. கலம் தைக்கும் கலை மேற்குக் கடலுக்கு மட்டும் உரியதன்று. இங்கு நார் வேறு. அதன் பெயரும் வேறு.

முடிவுரை

தாலி, 'தாலி' என்னும் இவ்விரு சொற்களின் ஒலியொற்றுமை தற்செயலானது என்றே கொள்ளவேண்டும். இதனால் தமிழின் பெருமை குறைந்துவிடாது. மாறாக, 'தாலி' போன்ற பொய்ச்சான்றை ஒரு மாணவன் பின்னாளில் பிறர்முன் கூறி மறுக்கப்படும்பொழுது, மெய்ச்சான்றாகிய 'கப்பால்' மீதும் அவனுக்கு ஐயம் எழும். ஒரு தவறு பல உண்மைகளைத் தன்னோடு இழுத்துச் செல்லும்.

ஆகவே, கடன்சொல் எனக் கூறுமுன் மூன்று வினாக்களை எழுப்புமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம். ஒலி மாற்றம் ஒழுங்கானதா? பொருள் மாற்றத்திற்கு விளக்கம் உண்டா? எந்தத் துறைமுகத்தின் வழி, எவர் வாயிலாக அச்சொல் சென்றது? 'கொயர்' இம்மூன்றிற்கும் விடை தருகிறது. மலாய்த் 'தாலி' உறவுமொழிகளின் பக்கமே கைகாட்டுகிறது. இரண்டு சொற்களையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்துக் கற்பித்தால், மாணவர் சொற்பட்டியலோடு சொல்லை ஆராயும் முறையையும் பெறுவர். அண்டை இனத்தாரின் மொழிக்கும் தனித்த தொன்மை உண்டு என்னும் அறிவும் அவர்க்கு வாய்க்கும். பல்லின நாட்டில் வாழும் நமக்கு அது சிறிய பேறன்று.