உயிர் காத்தலும் செவி காத்தலும்: தாம்பரம் தரும் வரலாற்றுப் பாடம்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி குரோம்பேட்டையைக் கடந்ததும் வந்து நிற்கும் நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்பது பெயர். அவ்வழியே நாள்தோறும் செல்வோரில் பலர் அச்சொல்லின் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. காசநோயாளர் தூய காற்றும் ஓய்வும் ஊட்டமும் பெற்று நலமடைவதற்கென அமைக்கப்பட்ட மருத்துவ இல்லமே சானடோரியம். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் அத்தகைய இல்லமொன்றை நடத்தித் தாயகம் திரும்பிய தமிழ் மருத்துவர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இதனை நிறுவினார். 1937-இல் இது அரசின் பொறுப்பில் வந்தது. இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை என வழங்கும் இந்நிறுவனத்தைக் காசநோய் எதிர்ப்பின் வரலாற்றில் வைத்தே நாம் நினைவுகூர்கிறோம். காது கேளாமையின் வரலாறும் அதனோடு பிணைந்தே வந்துள்ளது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறுவப்பெற்ற காலத்தில் காசநோய்க்கு உரிய மருந்து எதுவும் இல்லை. 1943-இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். அது காசநோய்க் கிருமியை அடக்கவல்லது என்பது விரைவில் தெளிவாயிற்று. மரணத்திற்குக் காத்திருந்தோர் எழுந்து நடந்தனர். ஆயினும் தொடக்க ஆண்டுகளிலேயே வேறொன்றும் தெரிய வந்தது. ஊசி மருந்து பெற்றோரில் சிலர் தலைசுற்றலுக்கு ஆளாயினர். சிலர் செவிப்புலனை இழந்தனர். மாற்றாக வந்த டைஹைட்ரோஸ்ட்ரெப்டோமைசின் கேட்கும் ஆற்றலை மேலும் கடுமையாகத் தாக்கியதால் கைவிடப்பட்டது. 1957-இல் ஜப்பானில் கண்டறியப்பட்ட கனமைசினும் இவ்வகை மருந்தே. மற்ற மருந்துகளுக்குப் பணியாத காசநோய்க்கு அது நெடுங்காலம் பயன்பட்டது.

இதன் காரணம் உட்செவியின் அமைப்பில் உள்ளது. நத்தையின் ஓடு போன்று சுருண்ட ஓர் உறுப்பில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் ஒலியதிர்வுகளை நரம்பின் மொழியாக மாற்றுகின்றன. இம்மருந்துகள் அவ்வணுக்களுள் புகுந்து அவற்றை அழிக்கின்றன. மனிதனில் அவை மீண்டும் முளைப்பதில்லை. உயர்ந்த சுருதியை ஏற்கும் அணுக்கள் முதலில் அழிவதால், நோயாளி தம் இழப்பைத் தொடக்கத்தில் உணர்வதில்லை. குரல் கேட்கும், சொல் விளங்காது. ‘பசி’ என்றதும் ‘பதி’ என்றதும் ஒன்றுபோல் ஒலிக்கும். மருந்தை நிறுத்திய பின்னரும் குறை வளர்வதுண்டு.

இதனைக் கொண்டு அக்கால மருத்துவரைக் குறைகூறுதல் நேர்மையாகாது. உயிரா, செவியா என்ற வினா எழுந்தபோது அவர்கள் உயிரைத் தெரிந்துகொண்டனர்; நோயாளரும் அதனையே வேண்டினர். ஆனால் உயிர் பிழைத்ததும் கடமை முடிந்துவிட்டது எனக் கருதியதே நாம் ஆராய வேண்டிய குறை. நுரையீரல் தேறியவர் ‘குணமடைந்தவர்’ என எழுதப்பட்டு வீடு திரும்பினார். அங்கே அவர் மனைவி மக்களின் பேச்சிலிருந்து விலக்குண்டார். கடைத்தெருவில் ஏளனத்திற்கு ஆளானார். ஆராதனையில் உதடுகளின் அசைவை மட்டும் கண்டு அமர்ந்திருந்தார். பிழைத்திருத்தல் வேறு, வாழ்தல் வேறு என்பதை மருத்துவம் மெல்லவே கற்றுக்கொண்டது.

அக்கல்விக்குத் துணைநின்றவர்கள் மருத்துவரைவிட ஆசிரியரே எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காது கேளாத சிறாருக்குப் பள்ளி தொடங்கினார். அப்பணி பின்னர் சென்னை மயிலாப்பூருக்கும் பரவியது. அங்கிருந்து தெற்கே அடையாற்றில் 1962-இல் கத்தோலிக்கத் துறவியர் புனித லூயி நிறுவனத்தை ஏற்படுத்தினர். 1969-இல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா மேலும் ஒருபடி முன்சென்று, பள்ளி வயதை எட்டாத மழலைகளுக்கே செவித்துணைக் கருவியைப் பொருத்தி, தாயையும் உடன் அமர்த்திப் பேச்சுப் பயிற்சி அளித்தது. குழந்தை மொழியைப் பற்றிக்கொள்ளும் முதல் ஆண்டுகள் வீணாகலாகாது என்பதே அதன் அடிப்படை. முட்டுக்காட்டில் 2005-இல் தோன்றிய தேசிய நிறுவனம், காது கேளாமையோடு பார்வையின்மை போன்ற பிற குறைகளும் உடையோருக்குப் பணிபுரிகிறது. எஞ்சியுள்ள கேட்கும் ஆற்றலையும், அது இல்லாதவிடத்துக் கையையும் கண்ணையும் கொண்டு மனிதரை உறவுக்குள் மீட்கலாம் என்பதை இவை அனைத்தும் செயலில் காட்டின.

மருத்துவமும் பின்னர் இவ்வழிக்கு வந்தது. மயிரணுக்கள் அழிந்தவிடத்து நரம்பை நேரே தூண்டும் காக்ளியர் கருவியை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கட்டணமின்றிப் பொருத்த வழிசெய்துள்ளது. கனமைசினையும் கேப்ரியோமைசினையும் பயன்படுத்த வேண்டாம் என உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் அறிவித்தது. அவற்றின் இடத்தில் பெடாகுவிலின் முதலிய வாய்வழி மருந்துகள் வந்துள்ளன. ஊசியைத் தவிர்க்க இயலாத நோயாளருக்குத் தொடக்கத்திலும் இடையிலும் செவிப் பரிசோதனை செய்யப்பட வேண்டும் என்பதும் இன்று ஏற்கப்பட்ட நெறி. நோயாளியின் செவியும் கணக்கில் கொள்ளப்படுவதற்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

காசநோயால் அன்றி முதுமையாலும் பேரிரைச்சலாலும் செவி மங்கியோரே இன்று மிகுதி. மறுவாழ்வுப் பணி தேவைப்படும் அளவு கேட்புக் குறையுடையோர் உலகில் 43 கோடிப் பேர் என உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் கணித்தது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுக்குட்பட்ட 977 பேரிடம் மூன்றாண்டுகள் நடத்தி 2023-இல் வெளியிடப்பட்ட ஆய்வு கவனத்திற்குரியது. செவிச் சிகிச்சை அனைவருடைய அறிவாற்றல் தேய்வையும் தடுத்தது என அது கூறவில்லை. ஆனால் அத்தேய்வுக்கு ஏதுக்கள் மிகுந்திருந்த முதியோரிடையே அதன் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஆயினும் கருவி தானாக வாழ்வை மீட்பதில்லை. அது வேண்டிய குரலோடு மின்விசிறியின் ஓசையையும் பெரிதாக்குகிறது. பழகுவதற்குப் பல வாரங்களும் பொறுமையான துணையும் வேண்டும். இவை கிடைக்காதபோது விலைமிக்க கருவியும் அலமாரியில் உறங்குகிறது. மூக்குக் கண்ணாடிக்கு நாணாத நம் மக்கள் செவிக் கருவிக்கு நாணுகின்றனர். அந்நாணத்தை வளர்த்தது கேளாதோரை நகைப்புக்குரியோராக்கிய நம் பேச்சுவழக்கே என்பதை மறுத்தற்கில்லை.

ஆதலின் இவ்வரலாறு மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிச் சபைகளிலும் பிற ஊர்ச் சபைகளிலும் முன்வரிசையில் அமர்ந்து ஒன்றும் கேளாது திரும்பும் முதியோர் இருக்கின்றனர். ஒலிபெருக்கியை உரக்க வைப்பது அவர்களுக்கு உதவாது, இரைச்சலே மிகும். முகம் நோக்கித் தெளிவாகவும் நிதானமாகவும் பேசுதல், வேதபாடத்தையும் அறிவிப்புகளையும் எழுத்தில் தருதல், கேட்புப் பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்லுதல், புதிதாகக் கருவி அணிந்தவரோடு சில வாரம் பொறுமையாய் உரையாடுதல் ஆகியன எந்தச் சபைக்கும் இயலக்கூடியவை. உயிர் பிழைத்தோரை உறவுக்குள் மீட்கும் இப்பணியில் நம் போதகரும் சபையாரும் தத்தம் பங்கை ஏற்பார்களாக.