பெரட்டிலிருந்து பம்பிங் வரை

தோட்டத்தில் காலை வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுப்பதைப் பெரட்டு என்பார்கள். பரேடு என்ற ஆங்கிலச் சொல்தான் நம் வாயில் அப்படித் திரிந்தது. பெம்பான் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் “பெரட்டுக்கு நின்னோம்” என்றுதான் சொல்கிறார்கள். பள்ளித் திடலில் பையன்களை வரிசையாக நிறுத்தி உடலை அளக்கும் வழக்கமும் எங்கிருந்து வந்தது என்று தேடினால், அங்கேயும் ஒரு பரேடுதான் நிற்கிறது.

போயர் போருக்கு ஆள் எடுத்தபோது பிரிட்டனில் ஏழை இளைஞர்கள் பலர் உடல்தகுதி இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். அரசு பதறிப்போனது. 1904-இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது; 1909-இல் பள்ளிகளுக்கான உடற்பயிற்சிப் பாடத்திட்டம் வந்தது. காலனி நாட்டு ஆங்கிலப் பள்ளிகளிலும் டிரில் நுழைந்தது. மலாயாத் தோட்டங்களின் கதை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1912 தொழிலாளர் சட்டம். பல இடங்களில் கிடைத்தது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். பிள்ளைகள் மாலையில் பந்து உதைத்தார்கள். அதை யாரும் பாடமாக எண்ணவில்லை.

அளப்பதைப் பெரிய விஷயமாக்கியது அமெரிக்கா. 1950-களில் அங்கே ஓர் எளிய உடல்தகுதிச் சோதனையில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தோற்றார்கள். ஐரோப்பாவில் பத்தில் ஒருவர்கூட இல்லை. 1956-இல் அதிபர் ஐசனோவர் இதற்கென்றே ஒரு குழு அமைத்தார். பின்னால் வந்த அதிபர் தேர்வை, ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட உடல்நலம் முக்கியம் என்று 2012-இல் கைவிட்டார்கள். 2025-இல் திரும்பக் கொண்டுவர உத்தரவு போட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில் செகாக். நான் அதை எடுத்த தலைமுறை. ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். மூன்று நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கி நாடித்துடிப்பு எண்ணணும். அப்புறம் பம்பிங், வயிற்றுக்கான பயிற்சி, கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து புள்ளி, மொத்தம் 20. பெண்பிள்ளைகள் முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். பையன்கள் முழுசாகச் செய்யணும். குண்டான பையன் நாலாவதிலேயே தரையில் விழுவான், வகுப்பே சிரிக்கும். அவன் பெயருக்கு நேரே ஓர் எண் ஏறும்.

நான் பொறியாளன். தொழிற்சாலையில் பொருள் தரம் குறைந்தால், அதைச் செய்த முறையைத்தான் முதலில் சோதிப்போம். செகாக் பையனைச் சோதிக்கிறது. உடற்கல்வியையே சோதித்துவிட்டதாக நாம் நம்பிக்கொள்கிறோம். தினமும் பந்து விளையாடும் பையன் 18 வாங்கினால் அதில் பள்ளியின் பங்கு என்ன? முதல் முறை 8 வாங்கியவன் அடுத்த முறை 12 வாங்கினால், அந்த நாலு புள்ளியில்தான் பள்ளி செய்த வேலை தெரியும். இன்னொரு கணக்கும் வேண்டும்: அட்டவணையில் இருந்த உடற்கல்வி நேரத்தில் எவ்வளவு உண்மையாகவே திடலில் நடந்தது? நான் படித்த பள்ளியில் எஸ்.பி.எம். நெருங்கியதும் அந்த நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது.

இது சின்ன விஷயம் இல்லை. தோட்டங்கள் உடைந்து குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டன. மாலைப் பந்து விளையாட்டும் திடலும் போய்விட்டன. தேசிய சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு அதிகம் காணப்படுவது மலேசிய இந்தியர்களிடம்தான். நம் பையன்கள் பலருக்கு உடம்பை அசைக்க மிஞ்சியிருக்கும் ஒரே இடம் பள்ளிதான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காடு கேட்கிறோம். அதோடு, இந்த ஆண்டு எத்தனை உடற்கல்வி வகுப்பு நடந்தது என்றும் கேட்கலாம்.