கேரவன் பயணத்தில் மின்சாரம்: லடாக் செல்வோர் அறிய வேண்டியவை

சமையலறை, படுக்கை, குளிர்பதனப் பெட்டி ஆகிய வசதிகளுடன் கூடிய கேரவன் வாகனங்களில் பயணம் செய்வோர் நாட்டில் அதிகரித்து வருகின்றனர். கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சுற்றுலாத் திட்டத்தையே அறிவித்தது. மின் இணைப்புடன் கூடிய நிறுத்துமிடங்களில் தங்குவோருக்கு மின்சாரம் பெரிய சிக்கல் அல்ல. ஆனால், லடாக் போன்ற உயரமான குளிர்ப் பகுதிகளில் திறந்தவெளியில் வாகனத்தை நிறுத்தி இரவைக் கழிப்போருக்கு மின்சாரமே முதன்மையான கேள்வியாகிறது. அதில் செய்யும் தவறு உயிருக்கும் ஆபத்தாக முடியலாம்.

தேவையைக் கணக்கிடுதல்

ஒவ்வொரு சாதனத்தின் வாட் திறனையும், அது இயங்கும் மணி நேரத்தையும் பெருக்கினால் அதன் தேவை 'வாட்-மணி' அளவில் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு 5 மணி நேரம் எரிய 100 வாட்-மணி தேவை. 12 வோல்ட் சிறிய குளிர்பதனப் பெட்டிக்கு நாளொன்றுக்குச் சுமார் 400, டீசல் ஹீட்டரின் விசிறி இரவு முழுவதும் சுழல 160, கைப்பேசி மற்றும் கேமராக்களுக்கு 100, தண்ணீர் பம்புக்கு 20 என வைத்துக்கொண்டால் ஒரு நாளின் மொத்தத் தேவை 780 வாட்-மணி.

12 வோல்ட், 200 ஆம்பியர்-மணி பேட்டரியில் 2,400 வாட்-மணி மின்சாரம் சேமிக்கலாம். ஈய-அமில பேட்டரி எனில் அதில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது நல்லது. அதற்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் வரை பயன்படுத்தலாம். அதாவது, முதல் வகை ஒன்றரை நாளுக்கும், இரண்டாவது வகை இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகவும் தாங்கும். கூரையில் 200 வாட் சோலார் தகடு இருந்தால், நல்ல வெயில் நாளில் 600 வாட்-மணிக்கு மேல் திரும்பக் கிடைக்கும். வாகனம் ஓடும்போது ஆல்டர்னேட்டர் வழியாகவும் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாம்.

லித்தியம் பேட்டரியை 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழான குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. அது பேட்டரியை நிரந்தரமாகப் பழுதாக்கும். எனவே அதை வாகனத்தின் உட்புறத்தில் வைப்பதே சரியானது.

ஹீட்டரே பெரும் சுமை

1,000 வாட் மின் ஹீட்டர் 8 மணி நேரம் இயங்க 8,000 வாட்-மணி தேவை. மேற்கண்ட மற்ற எல்லாத் தேவைகளையும் பத்து நாள்களுக்கு நிறைவேற்றும் மின்சாரத்தை இது ஒரே இரவில் எடுத்துக்கொள்கிறது. எந்தச் சாதாரண கேரவன் பேட்டரியும் இதற்கு ஈடுகொடுக்காது. அதனால்தான் சிலர் இரவில் ஜெனரேட்டரை ஓடவிட்டு உறங்குகின்றனர். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான்.

உயரத்தில் ஜெனரேட்டர்

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஜெனரேட்டரின் திறன் ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும் என்பது பொதுவான கணக்கு. சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரில் 2,000 வாட் ஜெனரேட்டர் 1,200 வாட் அளவுக்கே பயன் தரும். கார்புரேட்டர் கொண்ட இயந்திரங்களில், காற்றின் அடர்த்தி குறைவதால் எரிபொருள் முழுமையாக எரியாது. அப்போது நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு நச்சுவாயு கூடுதலாக வெளியேறும்.

இந்த நச்சின் முதல் அறிகுறிகள் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். உயரமான இடங்களில் ஏற்படும் மலை நோய்க்கும் இவையே அறிகுறிகள். எனவே பயணிகள் இதை மலை நோய் என்று கருதி மீண்டும் உறங்கச் செல்லும் அபாயம் உள்ளது. லடாக் பயணிகள் பலர் உடன் கொண்டு செல்லும் பல்ஸ் ஆக்சிமீட்டரும் இங்கு உதவாது. கார்பன் மோனாக்சைடு கலந்த ரத்தத்தையும் ஆக்சிஜன் கலந்ததாகவே கருதி, அது இயல்பான அளவைக் காட்டக்கூடும்.

வாகனத்தில் இருப்போருக்கு ஒரே நேரத்தில் தலைவலி ஏற்பட்டாலோ, வெளியே வந்ததும் வலி குறைந்தாலோ நச்சுவாயு எனச் சந்தேகிக்க வேண்டும். உடனே அனைவரும் திறந்தவெளிக்கு வந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, 112 அவசர எண்ணை அழைத்து, தாமதமின்றி மருத்துவமனையை அடைய வேண்டும்.

பாதுகாப்பு விதிகள்

* ஜெனரேட்டரை வாகனத்திலிருந்து குறைந்தது 6 மீட்டர் தொலைவில், காற்று வீசும் திசையையும் கவனித்து வைக்க வேண்டும். புகைபோக்கி வாகனத்துக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும்.
* வாகனத்தின் உள்ளேயும், கூடாரத்திலும், பந்தலின் கீழும் இயக்கக் கூடாது. அனைவரும் உறங்கும்போது இயக்கவே கூடாது.
* பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைப் படுக்கைக்கு அருகில் பொருத்த வேண்டும்.
* இயந்திரம் ஆறிய பிறகே எரிபொருள் நிரப்ப வேண்டும்.
* நிறுத்துமிடத்தின் மின் இணைப்பைப் பயன்படுத்தும்போது எர்த் இணைப்பையும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் தடுப்பானையும் உறுதிசெய்ய வேண்டும். ஜெனரேட்டரை அந்த மின் இணைப்புடன் நேரடியாக இணைக்கக் கூடாது.
* ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிகளில் அப்போது அனுமதிக்கப்படும் ஒலி அளவு 45 டெசிபல் மட்டுமே.

உறங்கும்போது வெப்பம் பெற, புகையை வெளியேற்றும் குழாயுடன் முறையாகப் பொருத்தப்பட்ட டீசல் ஹீட்டரும் கனமான போர்வைகளும் போதுமானவை. ஜெனரேட்டர் தேவைப்பட்டால், மாலையில் ஓரிரு மணி நேரம் இயக்கிப் பேட்டரியை நிரப்பிவிட்டு, படுக்கைக்குச் செல்லும் முன் அதை நிறுத்திவிட வேண்டும்.