ஹார்ட் பூட்

பனிச்சறுக்குப் பலகையை விளிம்பில் சாய்த்து, பனியைக் கீறியபடி வளையும் ஆல்பைன் வகைச் சறுக்கலுக்கான பிளாஸ்டிக் ஓட்டுக் காலணி. 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்வகைப் போட்டி அறிமுகமானது.

செருப்புக்கடை எண் இதற்கு உதவாது. பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் அளக்கும் மாண்டோ அளவே கணக்கு. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை நுழைத்துப் பார்க்கவேண்டும். விரல்நுனி முன்சுவரைத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னே ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. வசதிக்காகப் பெரிதாக வாங்குவது வீண்செலவு: குதிகால் எழும்பினால் காலின் அழுத்தம் பலகை விளிம்புக்குப் போய்ச் சேராது. பின்காலின் காலணிக்கு முன்சாய்வைச் சற்றுக் கூட்டிவைப்பது வழக்கம். பல வகைகளில் பக்கச் சாய்வையும் மாற்றலாம். நீளமான பாதம் உள்ளவர்கள், பூட் பலகைக்கு வெளியே நீண்டு பனியில் உரசாதபடி காலணியைப் பலகையோடு இணைக்கும் பிணைப்பின் கோணத்தைக் கூட்டவேண்டும்.