இடம் ஒன்று, பெயர் இரண்டு: திஸ்கி கடிதங்களும் நாலு வரி நிரலும்

நான் குடியிருக்கும் பிரேசர் டவுனுக்கு அரசாங்கம் வைத்த பெயர் புலிகேசி நகர். 1898 பிளேக்குக்குப் பிறகு, கன்டோன்மென்ட் நெரிசலைக் குறைக்க உருவான பேட்டைகளில் இதுவும் ஒன்று. மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரைச் சூட்டினார்கள். பெயர் மாறி இத்தனை வருஷமாகியும், ஆட்டோவில் ஏறி புலிகேசி நகர் என்றால், "பிரேசர் டவுனா சார்?" என்று தமிழிலேயே கேட்கிறார்கள் :-)

கணினியில் நம் எழுத்துக்கும் இதே கதைதான். எழுத்து ஒன்று, அதற்குக் கொடுத்த எண்கள் பல.

கணினிக்கு எண்தான் தெரியும். தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன்னிஷ்டத்துக்கு எண் வைத்துக்கொண்டது. ஈழத்தமிழர்கள் அதிகம் பயன்படுத்திய பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி! எழுத்துரு இல்லாத கணினியில் அதுதான் தெரியும். இணையத்தில் கூடிய தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து திஸ்கியை உருவாக்கினார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களைக் கொண்டுவந்தது. யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் விண்டோஸில் அது லதா எழுத்துருவோடு வந்தது விண்டோஸ் 2000-ல்தான். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்.

விளைவு? அந்தப் பத்து, பதினைந்து வருஷத்தில் நம் வீடுகளில் எழுதியதெல்லாம் இன்று திறந்தால் குப்பையாகத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் அது அப்பாவின் கடிதங்கள். சிங்கப்பூரில் இருந்த அக்காவுக்கு முரசு அஞ்சலில் அடித்து அனுப்பியவை, மொத்தம் 214 கோப்புகள். அப்பா இப்போது இல்லை. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டலாம்தான். 214 தடவை யார் ஒட்டுவது? அதற்காகத்தான் நிரல் எழுதக் கற்றேன்.

கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்து மொத்தமாக ஓடவிடுவது பழைய யோசனை. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் ஐ.பி.எம். 370 வந்த காலத்தில், துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் கட்டுதான் 'பேட்ச்'. அதற்கும் முன்பே, அறுபதுகளில் எம்.ஐ.டி.யில் லூயி பூசான் 'ரன்காம்' எழுதினார். யூனிக்ஸின் ஷெல் நிரல்களுக்கு அது முன்னோடி. டாஸில் அதுவே 'பேட்' கோப்பு.

திஸ்கியை மாற்றுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. திஸ்கியில் 'கொ' என்பது பார்வை வரிசைப்படி கொம்பு, க, கால் என்று மூன்றாக இருக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொகரக் குறி. அதனால் 'கொ'வை முதலில் மாற்றிவிட்டுத்தான் 'கெ'வுக்குப் போகவேண்டும். வரிசை தப்பினால் 'கெ'யும் தனிக் காலுமாக உடையும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தாலும், தேடினால் அகப்படாமல் போகலாம்.

நல்லவேளையாக இதை முன்னோர் செய்து வைத்திருக்கிறார்கள். லினக்ஸின் 'ஐகான்வ்' கட்டளைக்குத் திஸ்கி தெரியும். பைத்தானில் 'ஓப்பன் தமிழ்' நூலகம் இருக்கிறது. நாம் எழுதவேண்டியது நாலு வரிதான்: அடைவில் உள்ள ஒவ்வொரு கோப்பையும் எடு, மாற்று, வேறு அடைவில் அதே பெயரில் சேமி, கடைசியில் எண்ணிக்கை சொல். மூலக் கோப்பின் மேல் மட்டும் எழுதாதீர்கள். முதலில் ஒரே ஒரு கடிதத்தில் ஓட்டிப் பாருங்கள்.

1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்ததுதான். சங்க இலக்கியத்தைக் கவனித்துக்கொள்ள அங்கே தன்னார்வலர்கள் உண்டு. உங்கள் அப்பாவின் கடிதத்துக்கு உங்களை விட்டால் ஆளில்லை. பழைய குறுந்தகடுகள் படிக்க முடியாமல் போவதற்குள் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளியில் பைத்தான் படிக்கிறார்களா? தாத்தாவின் கடிதங்களையே பயிற்சியாகக் கொடுங்கள். மாற்றி முடித்ததும் ஒன்றையாவது உட்கார்ந்து படிப்பார்கள்.