அவமோதரியமும் ஆயுள் ஆராய்ச்சியும்

சமண அறம் தவத்தைப் புறத்தவம், அகத்தவம் என இரண்டாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஆறு வகையாக விரிக்கிறது. உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கூறும் புறத்தவ வரிசையில், உண்ணாநோன்பை அடுத்து நிற்பது அவமோதரியம். அதாவது, வயிறு நிரம்புமுன் உண்பதை நிறுத்துதல். ஆடவர்க்கு நிறையுணவு 32 கவளம், பெண்டிர்க்கு 28 கவளம் என வகுத்து, அதனினும் குறைத்து உண்பதே இத்தவம் என்பது ஆசார நூல்களின் மரபு.

இதே குறையுணவை வேறொரு நோக்கில் இருபதாம் நூற்றாண்டின் உயிரியல் ஆராயத் தொடங்கியது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கேயும் அவர்தம் துணைவரும் எலிகளுக்கு உணவின் ஆற்றலை மட்டும் குறைத்து, உயிர்ச்சத்துகளையும் தாது உப்புகளையும் குறைவின்றி அளித்தனர். வளர்ச்சியில் பின்தங்கிய அவ்வெலிகளுள் பல, வேண்டிய அளவு உண்டவற்றைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்தன. இம்முடிவு 1935-இல் வெளியாயிற்று.

இதன் காரணங்களுள் ஒன்றாக அறிவியலார் கருதுவது உயிரணுவின் தற்சீரமைப்பு. உணவு குறையும்போது உயிரணு தன்னுள் பழுதுற்ற பகுதிகளைத் தானே சிதைத்து, மீண்டும் பயன்கொள்கிறது. இச்செயலை இயக்கும் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

எனினும், எலியில் கண்டது எங்கும் அவ்வாறே நிகழவில்லை. குரங்குகளை ஆராய்ந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2009-இல் நற்பயன் கண்டனர். அமெரிக்கத் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்தார் 2012-இல் ஆயுள் நீளக் காணவில்லை. மனிதரிடம் ஈராண்டு நடந்த ஆய்வொன்றில், 25 விழுக்காடு குறைக்க முயன்றோர் ஏறத்தாழ 12 விழுக்காடே குறைத்தனர். அவர்தம் இரத்த அழுத்தமும் கொழுப்பும் தணிந்தன. எலும்பின் அடர்த்தியும் சற்றே குறைந்தது. மனித ஆயுள் இதனால் நீளும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

சமண நூல்கள் அத்தகைய உறுதியை அளிக்கவும் இல்லை. ஆயுளின் அளவு ஆயுவினையால் அமைவது. பகவான் மகாவீரரே 72 ஆண்டுகளே வாழ்ந்தார். சர்வார்த்தசித்தி உரை எழுதிய பூஜ்யபாதர், அவமோதரியத்தின் பயன்களாகப் புலனடக்கத்தில் விழிப்பு, உடற்குற்றங்கள் தணிதல், மனநிறைவு, இடையூறின்றி நூலோதல் ஆகியவற்றைச் சொல்கிறார். உடல்நலம் அப்பட்டியலில் உண்டு. நீண்ட ஆயுள் இல்லை.

தீர்த்தங்கரத் தன்மைக்கு வித்தாகும் பதினாறு பாவனைகளுள் ஒன்று, சக்திக்கேற்ற தவம். வளரும் குழந்தைகளும் தளர்ந்த முதியோரும் நோயுற்றோரும் இவ்வரம்பை மறத்தல் ஆகாது. ஏனையோர்க்கு, கையில் எடுத்த கடைசிக் கவளத்தை மனநிறைவுடன் தவிர்ப்பதே தவம். கூடும் ஆண்டுகளின் கணக்கு அதற்குத் தேவையில்லை.