மகன்மை கொள்ளுதல்

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக்கிக் கொள்வதைத் தத்து என்கிறோம்; சுவீகாரம் என்றும் சொல்கிறோம். இரண்டும் வடமொழி வழி வந்தவை. முன்னதன் மூலத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பது பொருள். பின்னதற்குத் தனதாக்கிக் கொள்ளுதல் என்பது பொருள். ஒன்று கொடுத்தவர் பக்கம் நின்று பேசுகிறது. மற்றது வாங்கியவர் பக்கம் நின்று பேசுகிறது. பிள்ளையோ நடுவிலே கைமாறும் பொருள்போல் நிற்கிறது. மனுநூல் எண்ணும் பன்னிரு வகைப் புதல்வருள் இவ்வாறு கொடுக்கப்பட்டவனும் ஒருவன். பெற்ற தந்தையின் கோத்திரமும் சொத்தும் அவனுக்கு இல்லை என்பது அந்நூலின் விதி.

தமிழிலே இதற்குச் சொல் இல்லையா? உண்டு. 12ஆம் நூற்றாண்டிலே சேக்கிழார் அதனை ஆண்டிருக்கிறார்.

திருநாவலூரிலே சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்தவர் சுந்தரர். வீதியிலே சிறுதேர் கொண்டு விளையாடிய அக்குழந்தையை நரசிங்க முனையரையர் என்னும் அரசர் கண்டார். பெற்றோரிடஞ் சென்று வேண்டிப் பெற்று வளர்த்தார். இதைச் சேக்கிழார் மகன்மை கொள்ளுதல் என்கிறார். தாய்மை, இளமை என்பவற்றில் உள்ள அதே 'மை' விகுதிதான் இங்கும் வருகிறது. கொள்ளப்படுவது பிள்ளை அல்ல, மகனாயிருக்குந் தன்மை. வெறும் இலக்கண நுணுக்கம் என்று இதனைத் தள்ளிவிட முடியாது. அரசர் மாளிகையில் வளர்ந்தும் சுந்தரர் தம் அந்தணர் மரபிலேயே பூணூல் அணிந்தார். அவருக்குப் பெண் பேசியவரும் சடையனாரே. திருத்தொண்டத் தொகையிலே அடியாரைப் போற்றும்போது பெற்ற தந்தையையும் வளர்த்த தந்தையையும் சுந்தரர் ஒருங்கே சேர்த்துக் கொள்கிறார். ஒருவர் வந்ததனால் மற்றவர் அழிந்துபோகவில்லை.

மகன்மை என்றால் பெண்பிள்ளைக்கு இடமில்லையோ என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் சுந்தரர் வாழ்விலேயே விடை இருக்கிறது. திருநாட்டியத்தான்குடியிலே கோட்புலியார் தம் மகளிர் சிங்கடியையும் வனப்பகையையும் அடிமையாகக் கொள்ளும்படி கொடுத்தபோது, அவர்களைத் தம் மக்களாகவே ஏற்றார் சுந்தரர். பின்பு பாடிய பதிகங்களிலே தம்மைச் சிங்கடியப்பன் என்றும் வனப்பகையப்பன் என்றும் சொல்லிக் கொள்கிறார். பிள்ளையின் பெயரால் தகப்பன் தன்னை அழைத்துக் கொள்கிறான்!

நமது யாழ்ப்பாணத்திலே இந்த உறவு காணியோடும் சேர்ந்தே நின்றது. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே, உரிமையுள்ள உறவினரின் சம்மதமும் மஞ்சள் நீர்ச் சடங்கும் சொல்லப்படுகின்றன. அவ்வாறு எடுக்கப்பட்ட பிள்ளை பெற்றோர் சொத்தில் உரிமை இழக்கும். முனையரையர் வீட்டு வழக்கத்திலிருந்து இது வெகுதூரம்.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் மகவெடுத்தலை நீதிமன்றத்தின் கையில் வைத்தது. நம் நாட்டுச் சட்டத் தமிழிலே இதற்கு 'மகவேற்பு' என்ற சொல் வழங்குகிறது. மகவு என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஏற்பு என்பதிலும் கைமாற்றத்தின் வாடை இல்லை. நல்ல சொல். ஆனால் பத்திரங்களை விட்டு அது வெளியே வரவில்லை. போரும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் பெற்றோரைக் கொண்டுபோன பிள்ளைகள் பிறர் வீடுகளிலே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். அவர்களுக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் 'எடுத்து வளர்த்த பிள்ளை' என்பதே. கலியாணம் பேசும் வீடுகளில் அந்தச் சொல் குரல் தாழ்த்திச் சொல்லப்படுவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.